வேகம் இருந்தும் போன் கால் ஏன் வெட்டி வெட்டிக் கேட்கிறது? இணைய நெரிசல் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டில் நெட் இழுத்தால் நம் ஊரில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "பெரிய பிளானுக்கு மாறுங்க." 50 எம்பிபிஎஸ் 100 ஆகிறது, 100 பிறகு 200 ஆகிறது. மாதக் கட்டணமும் கூடவே ஏறுகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை அப்லோடு செய்யும்போது துபாயிலிருந்து வாட்ஸ்அப் கால் வந்தால், அது பழையபடியே வெட்டி வெட்டித்தான் கேட்கிறது.

குமரி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. குளச்சல் பக்கக் கடற்கரை ஊர்களிலும், மார்த்தாண்டம், குலசேகரம் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் இரவு நேரத்து வீடியோ கால்தான் குடும்பம் ஒன்றுகூடும் நேரம். அது தடைபடுவதற்கான காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டு, சம்பந்தமில்லாத மருந்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

அகலம் வேறு, தாமதம் வேறு

"ஸ்பீடு" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு அளவுகளைக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது பேண்ட்வித். ஒரு நொடியில் அந்த இணைப்பு வழியாக எவ்வளவு தகவல் போக முடியும் என்பதே அது. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 100 மெகாபைட் இறங்கவில்லையே என்று கேபிள்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது தாமதம். அனுப்பிய தகவல் போய்ச் சேர்ந்து, "வந்துவிட்டது" என்ற பதில் திரும்பி வர ஆகும் நேரம். இதை மில்லி நொடியில் அளப்பார்கள். ஒரு நொடியில் ஆயிரம் மில்லி நொடி.

குரல் அழைப்புக்கு அகலம் அதிகம் வேண்டாம். 0.1 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். அதற்குத் தேவை, ஒவ்வொரு துண்டும் நேரத்துக்கு வந்து சேர்வது. பேசியது காதில் விழ 150 மில்லி நொடிக்கு மேல் ஆனால் உரையாடல் தடுமாறத் தொடங்கும். அரை நொடி ஆகிவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். 200 எம்பிபிஎஸ் வாங்கினாலும் இந்தத் தாமதம் தானாகக் குறைந்துவிடாது.

சானல், குளம், மறுகால்

தகவல் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒரு வீடியோ கோப்பை அனுப்பினால் அது சுமார் 1,500 பைட் அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டுத் தனித்தனியே போகும். இந்தத் துண்டுதான் பாக்கெட். வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரவுட்டர் நின்று, வரும் பாக்கெட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பார்த்து அனுப்பும்.

இதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்துப் பாசனமே போதும். பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் தேங்கும் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து பல சானல்களாகக் கிளைத்து, வழியிலுள்ள குளங்களை நிரப்பிக்கொண்டு கடைவரம்பு வரை போகிறது. குளத்துக்குள் வருகிற சானல் அகலமாகவும், வெளியே விடுகிற மடை குறுகலாகவும் இருந்தால் குளத்தில் தண்ணீர் ஏறும். குளம் நிரம்பினால் மறுகால் பாயும்.

ரவுட்டரிலும் அப்படி ஒரு குளம் உண்டு. அதற்குப் பஃபர் என்று பெயர். உள்ளே வருகிற பாக்கெட்டுகள் வெளியே போகிறவற்றைவிட வேகமாக வந்தால், மிச்சம் அந்த நினைவகத்தில் வரிசையில் நிற்கும். நினைவகம் நிரம்பிவிட்டால் புதிதாக வருவது கீழே விடப்படும். அதற்குப் பாக்கெட் இழப்பு என்று பெயர். மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்காவது போகும். விடப்பட்ட பாக்கெட் எங்கும் போவதில்லை, அழிந்தேவிடும். அனுப்பியவர் அதைத் திரும்ப அனுப்ப வேண்டும்.

இந்த ஒப்பீடு இன்னொரு இடத்திலும் பொருந்தாது. வயலுக்குப் போன தண்ணீர் அணைக்குத் திரும்பி வந்து செய்தி சொல்வதில்லை. இணையத்தில், பாக்கெட் கிடைத்ததும் பெற்ற கணினி ஒரு சிறிய ரசீது அனுப்பும். நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறை முழுவதும் அந்த ரசீதை நம்பித்தான் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாதையிலேயே மிகக் குறுகலான மடை எதுவோ, அதற்கு முன்னால்தான் வரிசை சேரும். வரிசையில் நிற்கும் நேரம் தாமதம். வரிசை நிரம்பி வழிவது இழப்பு. நெரிசல் என்று நாம் சொல்வது இந்த இரண்டையும்தான்.

400 கஜத்தில் முடங்கிய இணையம்

பாசனத்தில் ஷட்டரை ஏற்றி இறக்க அதிகாரி இருக்கிறார். எந்தச் சானலுக்கு எவ்வளவு என்று முறை வைக்கலாம். இணையத்தில் அப்படி யாரும் இல்லை. கோடிக்கணக்கான கணினிகளில் எது எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்ல ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. பலருக்கும் இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் உண்மை. ஒவ்வொரு கணினியும் தன் வேகத்தைத் தானே முடிவு செய்கிறது.

அந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது என்ன ஆகும் என்பது 1986 அக்டோபரில் தெரிந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து, அவ்வளவுதான்.

கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. வரிசை நீண்டதால் ரசீது வரத் தாமதமானது. ரசீது வராததால் கணினிகள் "பாக்கெட் தொலைந்துவிட்டது" என்று எண்ணி அதையே மறுபடி அனுப்பின. அந்த மறுபிரதிகள் வரிசையை இன்னும் நீட்டின. கம்பி முழுக்கப் பாக்கெட் ஓடியது. ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே போனதன் பிரதிகள். இந்த நிலைக்கு நெரிசல் முடக்கம் என்று பெயர். ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1984லேயே இப்படி ஆகலாம் என்று எச்சரித்திருந்தார்.

தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் கணினி

இதற்கு வழி கண்டவர் வான் ஜேக்கப்சன். மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து அவர் 1988இல் வெளியிட்ட ஆய்வின் கருத்துகள்தான் இன்றும் நம் போன்களுக்குள் வேறு வேறு வடிவங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிசிபி என்பது பாக்கெட்டுகளை வரிசை தவறாமல், விடுபடாமல் சேர்ப்பதற்கான விதிமுறை. அந்த விதிமுறைக்குள் அவர் ஒரு பழக்கத்தைச் சேர்த்தார்.

பாதை எவ்வளவு தாங்கும் என்று அனுப்பும் கணினிக்குத் தெரியாது. எனவே கொஞ்சமாகத் தொடங்கும். இன்றைய கணினிகள் பொதுவாகப் பத்துப் பாக்கெட் அனுப்பிவிட்டு ரசீதுக்குக் காத்திருக்கும். எல்லாம் போய்ச் சேர்ந்தால் 20, பிறகு 40, பிறகு 80. ஏதோ ஒரு கட்டத்தில் பாக்கெட் தொலையும். "குளம் நிரம்பிவிட்டது" என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு பாக்கெட் கூட்டி, மெல்ல ஏறும். மீண்டும் இழப்பு வந்தால் மீண்டும் பாதி. ஏறும்போது நிதானம், இறங்கும்போது வேகம்.

பெரிய கோப்பை இறக்கும்போது வேகம் ஒரே அளவில் நிற்காமல் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். பல நேரம் அது கணினி பாதையின் எல்லையைத் தொட்டுப் பார்த்துத் திரும்புவதுதான்.

பங்கு எப்படி நியாயமாகிறது

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். யாரும் பங்கிட்டுக் கொடுக்காமலே பங்கு சமத்தை நோக்கி நகர்கிறது. எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மடை வழியாக 100 அளவு போகலாம். ஒருவர் 80 எடுக்கிறார், மற்றவர் 20. இருவருக்கும் இழப்பு வருகிறது. இருவரும் பாதியாகக் குறைக்கிறார்கள்: 40, 10. மீதி 50 காலியாக இருக்கிறது. இருவரும் ஒரே அளவாகக் கூட்டிக்கொண்டே போனால், ஆளுக்கு 25 கூடி 65, 35 என்று நிற்கும். மறுபடி பாதி, மறுபடி ஏற்றம்: 57.5, 42.5. முதலில் 60 ஆக இருந்த வித்தியாசம் 30 ஆகி, 15 ஆகிவிட்டது. இன்னும் சில சுற்றில் ஏறத்தாழ சமம். அதிகம் வைத்திருப்பவர் அதிகம் இழக்கிறார், கூட்டும்போது இருவருக்கும் ஒரே அளவு. டா-மிங் சியூ, ராஜ் ஜெயின் இருவரும் 1989இல் இதைக் கணித வழியில் நிறுவினார்கள்.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. இந்தச் சமம் ஆளுக்கு ஆள் வருவதில்லை. இணைப்புக்கு இணைப்புதான் வருகிறது. ஒரு செயலி ஒரே நேரத்தில் பத்து இணைப்பு திறந்தால் பத்துப் பங்கு எடுத்துக்கொள்ளும். அடுத்தது தூரம். அருகிலுள்ள சர்வரிடம் பேசுகிறவருக்கு ரசீது சீக்கிரம் வருகிறது, அதனால் அவர் வேகமும் சீக்கிரம் ஏறுகிறது. தூரத்து சர்வரிடம் பேசுகிறவருக்குக் கடைவரம்பு வயலின் கதிதான். இன்று பரவலாகப் புழங்கும் கியூபிக் என்ற முறை இந்தத் தூர வித்தியாசத்தைக் குறைக்கும்படி அமைந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளம் அதை 2006லேயே இயல்பு முறையாக ஏற்றுக்கொண்டது.

சுருக்கமாக: இழப்பைக் கண்டால் பாதியாக்கு, இல்லையென்றால் கொஞ்சம் கூட்டு. இந்த இரண்டு விதிதான் இணையத்தை முடங்காமல் காக்கிறது. வேகப் பங்கீடும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது.

குளம் பெருத்தது, கால் கெட்டது

இனி நம் துபாய் காலுக்கு வருவோம்.

மேலே சொன்ன முறையில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. குளம் நிரம்பி வழிந்தால்தான் அனுப்புகிறவருக்குச் செய்தி தெரியும். குளம் சிறிதாக இருந்தவரை இது சரியாக நடந்தது. பிறகு நினைவகம் மலிவாயிற்று. பாக்கெட் தொலைவது குறைபாடு என்று கருதிய கருவித் தயாரிப்பாளர்கள், ரவுட்டர்களிலும் மோடம்களிலும் பெரிய பெரிய பஃபர்களை வைத்தார்கள். குளத்தைப் பெரிதாக வெட்டினால் மடை அகலமாகிவிடாது. தண்ணீர் உள்ளே கிடக்கும் நேரம்தான் கூடும்.

ஒரு உதாரணம். உங்கள் அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ். ரவுட்டர் பஃபர் ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்றால் 8 மெகாபிட். அது காலியாக 1.6 நொடி ஆகும். வீடியோ அப்லோடு அந்தப் பஃபரை நிரப்பிவிட்டு, நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும். அப்போது நீங்கள் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், அந்தக் குரலைச் சுமக்கும் சின்னஞ்சிறு பாக்கெட் வீடியோ பாக்கெட்டுகளின் வால்பக்கம் போய் நிற்க வேண்டும். 1.6 நொடி, அதாவது 1,600 மில்லி நொடி.

இதைத் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். குமரியிலிருந்து துபாய் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஒளிக்கு ஒருவழிக்கு 15 மில்லி நொடி. கேபிள் சுற்றிப் போகிறது, நடுவில் ரவுட்டர்கள் இருக்கின்றன என்று அதைப் பல மடங்காக்கிக்கொண்டாலும் நூறைச் சுற்றித்தான் வரும். அரபிக் கடலைத் தாண்ட ஆகும் நேரத்தைவிட, உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் குரல் பல மடங்கு நேரம் காத்துக் கிடக்கிறது!

இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர். பஃபர் வீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010ஐ ஒட்டி இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. யூடியூபில் சுற்றும் வட்டத்தைப் "பஃபரிங்" என்கிறோமே, அது வேறு. அங்கே உங்கள் போன் வீடியோவைச் சேமித்துக்கொள்ளக் காத்திருக்கிறது. இங்கே நடுவழியில் பாக்கெட் தேங்கிக் கிடக்கிறது.

வரிசையைச் சரிசெய்வது

ஒரு தீர்வு, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் இருப்பது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்து, சுற்று முறையில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அனுப்பலாம். இது நியாய வரிசை முறை. டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் மூவரும் 1989இல் இதை முறைப்படுத்தினார்கள். வீடியோ வரிசையில் ஆயிரம் பாக்கெட் நின்றாலும், குரல் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். அடுத்த சுற்றிலேயே அது போய்விடும். யாருடைய பங்கையும் பறிக்காமலே கால் சீராகிறது.

இன்னொன்று, குளம் வழியும்வரை காத்திராமல் முன்கூட்டியே செய்தி சொல்வது. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி நொடிக்குள் ஒருமுறைகூட 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், தேக்கம் நிரந்தரமாகிவிட்டது என்று முடிவு செய்து ஒரு பாக்கெட்டைக் கீழே விடும். அனுப்புகிறவர் உடனே வேகத்தைக் குறைப்பார். திடீரென்று வந்து உடனே வடியும் சிறு கூட்டத்தை அது தொந்தரவு செய்யாது. வரிசை முறையில் நல்லது எது என்று என்னைக் கேட்டால், நியாய வரிசையும் கோடெலும் சேர்ந்த எஃப்கியூ-கோடெல் என்பேன்.

பாக்கெட்டை விடாமலே அதன்மேல் "நெரிசல்" என்று ஒரு குறி வைத்து அனுப்பும் முறையும் உண்டு, ஈசிஎன் என்பார்கள். 2001இலிருந்தே அது விதிமுறையில் இருக்கிறது.

அனுப்பும் கணினியின் பக்கத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை இழப்புக்காகக் காத்திருப்பதில்லை. பாதை நொடிக்கு எவ்வளவு கடத்துகிறது, காலியாக இருந்தால் ரசீது எவ்வளவு நேரத்தில் வரும் என்ற இரண்டையும் அளந்து, மடை தாங்கும் அளவுக்கே அனுப்பப் பார்க்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அதன் முதல் வடிவம் பழைய முறையில் அனுப்புகிறவர்களை ஓரங்கட்டிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. பொதுச் சானலில் ஒருவர் மட்டும் புதுக் கணக்கில் தண்ணீர் எடுக்க முடியாது; மற்றவர்கள் பங்கையும் பார்த்துத்தான் முறை வகுக்க வேண்டும்.

இரவு எட்டு மணிப் பிரச்சினை வேறு

வீட்டில் யாரும் எதையும் அப்லோடு செய்யவில்லை, ஆனாலும் இரவு எட்டு மணிக்கு மட்டும் எல்லாமே இழுக்கிறது என்றால், காரணம் உங்கள் பெட்டிக்குள் இல்லை. ஒரு பகுதியில் நூறு வீட்டுக்கு ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் விற்றாலும், நிறுவனம் 10,000 எம்பிபிஎஸ் பாதை போடுவதில்லை. எல்லாரும் ஒரே நொடியில் முழு அளவும் எடுப்பதில்லை என்பதால் பகிர்ந்துகொள்ளும்படி வைக்கிறார்கள். இது ஏமாற்று இல்லை; இந்தப் பகிர்வு இல்லாவிட்டால் இணையக் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பகிர்வு அளவு மீறினால் மாலையில் பற்றாக்குறை வரும். அணையில் தண்ணீரே இல்லாதபோது எந்த முறை வைத்தும் பயிரைக் காக்க முடியாது. அங்கே தீர்வு, நிறுவனம் பாதையை அகலப்படுத்துவதுதான்.

வீட்டில் செய்து பார்க்க

முதலில் எந்த நோய் என்று கண்டுபிடியுங்கள். யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில் கணினியில் பிங் கட்டளை கொடுத்து (ஒரு சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை அது) தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்துகொண்டே மறுபடி பாருங்கள். 20 மில்லி நொடி 40 ஆனால் கவலையில்லை. 400, 800 என்று ஏறினால் பஃபர் வீக்கம்தான். சில வேகச் சோதனைத் தளங்கள் சும்மா இருக்கும்போதுள்ள தாமதத்தையும், சுமை ஏறியபோதுள்ள தாமதத்தையும் தனித்தனியே காட்டும். பெரிய எழுத்தில் தெரியும் எம்பிபிஎஸ்ஸைவிட அந்தச் சின்ன எண்ணைக் கவனியுங்கள். சோதனையை ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டுச் செய்வது நல்லது. வைஃபை சிக்னல் மோசமாக இருந்தால் அதுவும் தாமதம் தரும், இரண்டும் கலந்துவிடக் கூடாது.

பஃபர் வீக்கம் என்று உறுதியானால், வரிசையை மேலே சொன்னபடி சீராக்கும் எஸ்கியூஎம் என்ற வசதியுள்ள ரவுட்டர் ஒன்று போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏறும் ரவுட்டர்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் வேக அளவைக் கேட்கும்போது, சோதனையில் கிடைத்ததில் சுமார் 90 சதவீதம் போடுங்கள். 50 கிடைத்தால் 45. வேகத்தை நாமே குறைப்பதா என்று தோன்றும். மிகக் குறுகலான மடை கேபிள்காரரின் பெட்டியில் இருந்தால் வரிசையும் அங்கேதான் சேரும், அதன்மேல் நமக்குப் பிடி கிடையாது. நம் ரவுட்டரை அதைவிடச் சற்றுக் குறுகலாக வைத்துவிட்டால் வரிசை நம் ரவுட்டரிலேயே சேரும்; அங்கே நியாய வரிசையும் கோடெலும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

புது ரவுட்டர் வாங்க வழியில்லை என்றால், அப்லோடு செய்யும் செயலியிலேயே வேக வரம்பு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மொத்த அப்லோடு வேகத்தில் முக்கால் பங்குக்கு அதைக் கட்டிவைத்தால் வரிசை சேராது. போனில் புகைப்படங்கள் தானாக ஏறும் நேரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவைக்கலாம். கேபிள்காரரிடம் அடுத்த முறை பேசும்போது "எத்தனை எம்பிபிஎஸ்?" என்பதோடு, "அப்லோடு ஓடும்போது பிங் எவ்வளவு வரும்?" என்றும் கேளுங்கள்.